கோமாளிக்கு என் ஓட்டு

"நான் டிவியே பார்ப்பதில்லை" என்று பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் கூட்டத்தில் நானும் உண்டு. ஆனால் குக்கு வித் கோமாளி பழைய எபிசோடு ஓடினால், அடுப்பில் பால் பொங்கினாலும் எழ மாட்டேன்.

2019-இல் விஜய் டிவியில் தொடங்கியது. சமைக்கத் தெரிந்த ஒருவரோடு சமையல் வாசனையே இல்லாத ஒரு கோமாளியைக் கோத்துவிடுவார்கள், அவ்வளவுதான் சங்கதி. அதிலும் குக்கு தள்ளி நின்று வாயாலேயே வழிகாட்ட, கோமாளி தனியாகச் சமைக்கும் கட்டம் இருக்கிறதே! கொத்தமல்லி கேட்டால் புதினா வரும்.

இரண்டாவது சீசனை மிஞ்ச எதுவும் இல்லை என்பது என் கட்சி. கோமாளிகளான புகழ், சிவாங்கி, பாலா, மணிமேகலை எல்லாரும் அடித்த கூத்தில், பட்டம் வென்றது கனி என்பதே பலருக்கு மறந்திருக்கும். நடுவர்கள் தாமுவும் வெங்கடேஷ் பட்டும் மார்க் போட வந்தவர்கள் மாதிரியா இருந்தார்கள்? 2024-இல் வெங்கடேஷ் பட் சன் டிவியின் 'டாப் குக்கு டூப் குக்கு' என்ற சமையல் நிகழ்ச்சிக்குப் போய்விட்டார். அதையும் விடாமல் பார்த்தேன், வேறென்ன செய்ய.

இத்தனை பார்த்தும் ஒரு ரசம்கூடக் கற்றுக்கொள்ளவில்லை. அந்த எண்ணமும் இல்லை.

சரி, நீங்கள் ஒளித்துவைத்துப் பார்ப்பது எது? பிக் பாஸ் என்றாலும் பரவாயில்லை, சொல்லுங்கள்.