ராவ்4-ஆ, சிஆர்-வி-யா: ஒரு தேர்வின் நாட்குறிப்பு

மார்ச் 3, 2025, திங்கள்

டொயோட்டா ராவ்4, ஹோண்டா சிஆர்-வி: இரண்டு எஸ்யூவி கார்கள். இரண்டு குழந்தைகள், அவ்வப்போது கூட வரும் ஒரு பெரியவர், விடுமுறைக்கு நாலைந்து பெட்டி என்று வாழும் குடும்பத்தின் பட்டியலில் கடைசியில் மிஞ்சுவது பெரும்பாலும் இந்த இரண்டும்தான். இங்கே இரண்டிலும் 2025 மாடல் ஹைப்ரிட் (பெட்ரோல் எஞ்சினும் மின்மோட்டாரும் சேர்ந்தது) மட்டுமே கணக்கில். சிஆர்-வியின் 1.5 லிட்டர் டர்போ பெட்ரோல் எஞ்சினை ஒதுக்கியதற்குக் காரணம் உண்டு. குளிர் நாட்டில் தினமும் இரண்டு மூன்று கிலோமீட்டர் மட்டுமே ஓடினால் அந்த எஞ்சின் சரியாகச் சூடேறுவதில்லை. எரியாத பெட்ரோல் பிஸ்டன் வளையங்களைத் தாண்டி எஞ்சின் ஆயிலில் கலந்துவிடும். டிப்ஸ்டிக்கை இழுத்துப் பார்த்தால் ஆயில் மட்டம் குறைவதற்குப் பதில் ஏறியிருக்கும், முகர்ந்தால் பெட்ரோல் வாடை அடிக்கும். எல்லா வண்டியிலும் இது வராது. ஆனால் பள்ளிக்கும் கடைக்குமே ஓடப்போகிற வண்டிக்கு அந்தக் கவலை எதற்கு?

முதல் வேலை, நிறுத்துமிடத்தை டேப் வைத்து அளப்பது. ராவ்4 ஏறக்குறைய 4.6 மீட்டர் நீளம், சிஆர்-வி 4.7 மீட்டரை ஒட்டி வரும். அந்த 10 சென்டிமீட்டர் சாலையில் தெரியாது. நிறுத்தியபின் டிக்கியைத் திறந்து, பின்னால் நின்று பெட்டி ஏற்றும்போது தெரியும். டிக்கிக் கதவு மேலே எழும்போது கூரையில் இடிக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். மின்கதவாக இருந்தால் பெரும்பாலும் உயரத்தைக் குறைத்துப் பதிவு செய்துகொள்ளலாம்.

மார்ச் 5, புதன்

இன்று பின் இருக்கை மட்டும். ஷோரூமுக்கு வெறுங்கையோடு போகவே கூடாது. வீட்டில் இருக்கும் குழந்தை இருக்கைகள் இரண்டையும் எடுத்துக்கொண்டு போக வேண்டும்.

முன் இருக்கையை ஓட்டுபவரின் உயரத்துக்குச் சரிசெய்து, அதற்குப் பின்னால் பின்னோக்கிய குழந்தை இருக்கையை மாட்டிப் பார்த்தால் பாதி முடிவு அங்கேயே வந்துவிடும். பின்னோக்கிய இருக்கை சாய்ந்து உட்காரும், அதன் தலைப்பகுதி முன் இருக்கையின் முதுகை முட்டும். அப்போது முன் இருக்கையை நகர்த்த வேண்டிவரும், ஓட்டுபவரின் முழங்கால் டாஷ்போர்டுக்குப் போய்விடும். அமெரிக்க அளவீட்டில் பின் இருக்கைக் காலிடம் சிஆர்-வியில் 41 அங்குலம், ராவ்4-இல் 37.8 அங்குலம். வித்தியாசம் சுமார் 8 சென்டிமீட்டர். இந்த 8 சென்டிமீட்டர்தான் உயரமான ஓட்டுநரும் பின்னோக்கிய இருக்கையும் ஒரே பக்கத்தில் அடங்குமா என்பதைத் தீர்மானிக்கிறது.

அடுத்தது கதவு. சிஆர்-வியின் பின்கதவு கிட்டத்தட்ட செங்கோணத்துக்கே திறக்கிறது. தூங்குகிற குழந்தையைத் தோளில் சாய்த்தபடி குனிந்து உள்ளே வைப்பவருக்கு இதன் அருமை தெரியும். ராவ்4-இன் கதவு அந்த அளவுக்கு விரியாது.

ஐசோஃபிக்ஸ் (குழந்தை இருக்கையை வண்டியின் உடலோடு நேராகப் பூட்டும் முறை) கீழ்க்கொக்கிகள் இரண்டு ஓர இருக்கைகளுக்குத்தான். நடுவில் மூன்றாவது குழந்தை என்றால் சீட் பெல்ட்டால் கட்டும் இருக்கை தேவை. மூன்றையும் வரிசையாக மாட்டிய பிறகு பெல்ட் பக்கிளுக்குள் விரல் நுழைகிறதா என்று பாருங்கள். பக்கிள் இருக்கைக்கு அடியில் மாட்டிக்கொண்டால் தினமும் சண்டைதான். ஐ-சைஸ் (ஐரோப்பாவின் குழந்தை இருக்கைத் தரம்) விதிப்படி, ஐசோஃபிக்ஸில் மாட்டும் ஐ-சைஸ் இருக்கையும் குழந்தையும் சேர்ந்து 33 கிலோவைத் தாண்டக் கூடாது. மேல்பட்டையைக் கொக்கியில் மாட்டி இறுக்கிய பின், இருக்கையின் அடியைப் பிடித்து ஆட்டினால் 2.5 சென்டிமீட்டருக்கு மேல் அசையக் கூடாது.

மார்ச் 6, வியாழன்

திரை, ஸ்பீக்கர், விளக்கு நிறம். இவற்றுக்குப் பத்து நிமிடம் போதும். ஏசிக்குத் திருகு குமிழ் இருக்கிறதா என்பது மட்டும் முக்கியம். இரண்டிலும் இருக்கிறது.

மார்ச் 8, சனி

இரண்டும் ஹைப்ரிட்தான், ஆனால் உள்ளே வேலை நடக்கும் முறை வேறு. இது புரிந்தால்தான் டெஸ்ட் டிரைவில் எதைக் கவனிப்பது என்று தெரியும்.

ராவ்4-இல் 2.5 லிட்டர் எஞ்சினும் இரண்டு மோட்டார்களும் ஒரு கோள் கியர்த் தொகுதியில் இணைந்திருக்கும். பெயர் ஈ-சிவிடி (படிநிலை இல்லாத கியர் அமைப்பு) என்றாலும், வழக்கமான சிவிடியில் உள்ள பெல்ட் கிடையாது, கிளட்சும் கிடையாது. சக்தி எப்போதும் இரண்டாகப் பிரிந்து, ஒரு பங்கு சக்கரத்துக்கு நேராகவும் இன்னொரு பங்கு மின்சாரமாகியும் போகும். நான்கு சக்கர இயக்கம் கொண்ட வடிவில் பின் அச்சில் 40 கிலோவாட் மோட்டார் ஒன்று தனியாக உட்கார்ந்திருக்கும். முன்னுக்கும் பின்னுக்கும் இடையே சுழலும் தண்டே இல்லை.

சிஆர்-வியில் 2 லிட்டர் எஞ்சின். நகரத்துக்குள் அது பெரும்பாலும் ஜெனரேட்டரைச் சுற்றுவதோடு சரி, சக்கரத்தைச் சுழற்றுவது 335 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை கொண்ட மோட்டார். நெடுஞ்சாலை வேகம் வந்ததும் ஒரு கிளட்ச் பூட்டி எஞ்சினை நேராகச் சக்கரத்தோடு சேர்த்துவிடும். நான்கு சக்கர வடிவில் பின்பக்கத்துக்கு ஒரு தண்டு ஓடுகிறது. அதாவது பின் டிஃபரன்ஷியல் (பின்சக்கரங்களுக்கு விசையைப் பிரிக்கும் கியர்) ஆயிலும் பராமரிப்புப் பட்டியலில் சேரும்.

அமெரிக்க வடிவில் ராவ்4 219 குதிரைத்திறன், சிஆர்-வி 204. காகிதத்தில் ராவ்4 முந்துகிறது. நகரத்தில் கால் வைத்தவுடன் கிடைக்கும் இழுப்பு சிஆர்-வியில்தான் மென்மை. சறுக்கும் மண்பாதையில், பனியில், பாரத்தோடு நெடுந்தூரம் பின்சக்கரம் தள்ள வேண்டிய குடும்பத்துக்குத் தண்டு வைத்த சிஆர்-வி அமைப்பே நல்லது. எப்போதாவது ஈரப் புல்லில் இருந்து வெளியே வந்தால் போதும் என்றால் ராவ்4-இன் பின் மோட்டார் தாராளம்.

இரண்டுக்கும் பொதுவான ஒன்று: வேகம் குறைப்பதில் பெரும்பகுதியை மோட்டாரே செய்வதால் பிரேக் பேட் தேயாது. தேயாததே தொல்லையாகும். பேட்கள் அதிகம் நகராமல் தாங்கியில் துரு பிடித்து ஒட்டிக்கொள்ளும். ஆண்டுக்கு ஒரு முறை சக்கரத்தைக் கழற்றி, காலிப்பர் (பேட்களை அழுத்தும் பகுதி) பின்களைத் துடைத்து, அதற்குரிய சிலிகான் கிரீஸ் பூசச் சொல்லுங்கள்.

மார்ச் 11, செவ்வாய்

டெஸ்ட் டிரைவ் வழி இப்படி இருக்கட்டும்: குண்டும் குழியுமான தெரு, ஒரு மேடு, 20 நிமிட நெடுஞ்சாலை. பின் இருக்கையில் ஒருவர் கட்டாயம் உட்கார வேண்டும், ஓட்டுபவர் காதுக்கு எட்டாத சத்தம் அங்கேதான் கேட்கும்.

மேட்டில் மிதியை முழுதாக அழுத்துங்கள். ராவ்4-இன் எஞ்சின் ஒரே சுருதியில் உறுமிக்கொண்டே இருக்கும். சிஆர்-வி கியர் மாறுவதுபோல் சுழற்சியைப் படிப்படியாக ஏற்றி இறக்கிக் காட்டும். உண்மையில் அங்கே கியர் எதுவும் மாறவில்லை, காதுக்காகச் செய்த ஏற்பாடு. ஆனால் பிள்ளைகள் தூங்கும் பயணத்தில் அந்த ஏற்பாடு உதவுகிறது.

நெடுஞ்சாலையில் ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்து, மிகச் சிறிதாக இடமும் வலமும் திருத்துங்கள். நடுவில் ஒரு பிடிப்பு, ஒட்டிக்கொண்டு விடுபடுவதுபோல் தட்டுப்பட்டால் குறித்துக்கொள்ளுங்கள். 2024 அக்டோபரில் ஹோண்டா அமெரிக்காவில் சுமார் 17 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்தது இதற்காகத்தான். 2023 முதல் 2025 வரையிலான சிஆர்-வி மாடல்களும் அதில் அடக்கம். ஸ்டீயரிங் கியர்பாக்ஸில் வார்ம் கியர் எனும் திருகு வடிவக் கியரின் ஸ்பிரிங்கை மாற்றி, தேவைக்கேற்ப கிரீஸைப் பரப்பிக் கூட்டுவது தீர்வு. வேலை முடிந்ததா என்று சேசிஸ் எண்ணை வைத்துச் சரிபார்க்கலாம்.

மார்ச் 14, வெள்ளி

டிக்கி. சிஆர்-வி ஹைப்ரிடின் பெரிய பேட்டரி டிக்கித் தளத்துக்குக் கீழே. அதனால் பல சந்தைகளில் ஸ்டெப்னிக்கு இடமில்லை, ஒட்டுத் திரவமும் சிறு பம்ப்பும்தான். அந்தத் திரவம் டயரின் பக்கச்சுவர் கிழிசலை அடைக்காது, பெரிய துளையையும் அடைக்காது. காலாவதித் தேதியும் உண்டு. ராவ்4-இல் பல சந்தைகளில் சிறிய ஸ்டெப்னியாவது கிடைக்கும். இரவில் ஆள் நடமாட்டமில்லாத சாலையில் குடும்பத்தோடு போகிறவர்கள் இந்த ஒன்றைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

ராவ்4 ஹைப்ரிடின் பெரிய பேட்டரி பின் இருக்கைக்கு அடியில். இருக்கையின் முன்விளிம்புக்குக் கீழே, காலுக்குப் பக்கத்தில் ஒரு காற்று வாய் இருக்கும். பேட்டரி குளிர்வது அதன் வழியாகத்தான். டார்ச் அடித்துப் பார்த்தால் பிஸ்கட் தூள், நாய் ரோமம், க்ரேயான் உறை எல்லாம் வலையில் படிந்திருக்கும். மூடியைக் கழற்றி வடிகட்டியை வாக்குவம் பிடித்தால் வேலை முடிந்தது. அங்கே பையைத் திணித்து அடைத்தால் காற்றாடி கூவத் தொடங்கும், பேட்டரி சூடேறி ஆயுள் குறையும்.

ராவ்4 ஹைப்ரிடின் 12 வோல்ட் பேட்டரி டிக்கியின் ஓரத்தில். ஹைப்ரிடில் அது எஞ்சினைச் சுழற்றுவதில்லை, கணினிகளை எழுப்பிவிடுகிறது. ஆனால் அது செத்தால் வண்டியே எழாது. மூன்று வாரம் ஓட்டாமல் விட்டால் இது நடக்கக்கூடும்.

மார்ச் 17, திங்கள்

பழைய வண்டி வாங்குபவர்களுக்கு. நான்கு சக்கர ராவ்4 ஹைப்ரிடில், 2019 முதலான சில ஆண்டுத் தயாரிப்புகள் பனியை உருக்க உப்புத் தூவும் சாலைகளில் ஓடியிருந்தால், லிஃப்டில் ஏற்றிப் பின் மோட்டாருக்குப் போகும் ஆரஞ்சு கேபிளின் இணைப்பைப் பார்க்கச் சொல்லுங்கள். உப்புநீர் உள்ளே போய் உறைக்குள் அரிப்பு உண்டானால் முழு கேபிளையும் மாற்ற வேண்டும். அது உயர் மின்னழுத்தம், கையால் தொடக் கூடாது. 2019 தொடக்கத் தயாரிப்புகளில் பெட்ரோல் தொட்டி முழுதாக நிரம்பாத குறையும் இருந்தது. டேங்க் மாற்றப்பட்டதா என்று பதிவேட்டில் பார்க்கலாம்.

மார்ச் 20, வியாழன்

பின்னோக்கிய இருக்கை இன்னும் இரண்டு ஆண்டாவது வேண்டும், ஓட்டுபவர் உயரமானவர், சாலை பெரும்பாலும் நகரம் என்றால் சிஆர்-வி. ஸ்டெப்னி வேண்டும், பிள்ளைகள் வளர்ந்து பின்னோக்கிய இருக்கை போய்விட்டது என்றால் ராவ்4. எரிபொருள் செலவை வைத்து முடிவெடுக்கும் அளவுக்கு இரண்டுக்கும் இடைவெளி இல்லை.

வண்டியை எடுக்கும் நாளில் பகல் வெளிச்சத்தில் போங்கள். நான்கு டயரின் பக்கச்சுவரிலும் டிஓடி எண்ணின் (டயரின் தயாரிப்புக் குறியீடு) கடைசி நான்கு இலக்கத்தைப் படியுங்கள்: 0825 என்றால் 2025-ஆம் ஆண்டின் எட்டாவது வாரம். நான்கு டயரின் தேதிகளும் ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருக்க வேண்டும். பிறகு ஓட்டுநர் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் அளவுக்கு டயர் காற்றைச் சரிபாருங்கள். தொழிற்சாலையிலிருந்து அனுப்பும்போது அதிகமாக அடித்த காற்றை இறக்க மறந்துவிடுவது வழக்கம்.