பற்றிப் பற்றி அணைந்த கேஸ் கீசர்

ஐப்பசி அடைமழையில் ஆச்சிக்கு வெந்நீர் இல்லாமல் ஆகாது. பாளையங்கோட்டை வீட்டு கீசரோ நாலு நாளாகப் பற்றும், அஞ்சு வினாடியில் அணையும். "எய்யா, பச்சத் தண்ணியால்லா வருது" என்று ஆச்சி குரல் கொடுத்ததும், சரி, இன்று பார்த்துவிடுவோம் என்று உட்கார்ந்தேன்.

முதலில் பேட்டரி. 1.5 வோல்ட் பெரிய செல் 2 புதுசாகப் போட்டும் அதே கதைதான். குழாயைத் திறந்ததும் டக் டக்கென்று பொறி வருகிறது, தீயும் பிடிக்கிறது, அப்படியென்றால் தண்ணீர் பக்கம் இருக்கிற டயாஃப்ரமும் (தண்ணீர் அழுத்தத்தில் நகரும் ரப்பர் சவ்வு) அது தள்ளுகிற மைக்ரோ சுவிட்சும் வேலை செய்கின்றன என்று அர்த்தம். (பொறியே வராவிட்டால் தண்ணீர் நுழையும் இடத்து வலையைக் கழற்றிப் பாருங்கள், போர் தண்ணீர் உப்பு அடைத்திருக்கும்.)

மிச்சம் தீயை உணரும் கம்பிதான். தீ அதில் பட்டால்தான் கேஸ் வால்வு திறந்தே நிற்கும். சிலிண்டரை மூடி, ஆறவிட்டுப் பார்த்தால் கம்பி முழுக்கக் கருப்பு. உப்புத்தாளால் லேசாகத் தேய்த்தேன், உலோகம் பளிச்சென்று தெரிந்தது. அப்புறம் அணையவே இல்லை.

பைலட் தீ (எப்போதும் எரிந்துகொண்டே இருக்கும் சின்னத் தீ) எரிகிற பழைய வகையில் இந்த வேலையைத் தெர்மோகப்பிள், அதாவது சூட்டை மின்சாரமாக்கும் கம்பி, செய்யும். சூட்டில் சுமார் 20, 30 மில்லிவோல்ட் தரும், அதுதான் வால்வைப் பிடித்து வைக்கிறது.

வால்வை மட்டும் நீங்களே பிரிக்காதீர்கள். கசிவைச் சோப்பு நுரை வைத்துப் பாருங்கள், தீக்குச்சி கூடவே கூடாது. குளியலறைக்குள் மாட்டியிருந்தால் தயவுசெய்து வெளியே மாற்றுங்கள், கேஸ் எரியும்போது வரக்கூடிய கார்பன் மோனாக்சைடு விஷவாயு, அதற்கு வாசனையே கிடையாது.