மூன்று டம்ளரில் டி-76

டி-76 என்ற டெவலப்பரை (ஃபிலிமில் படத்தை வெளிக்கொண்டுவரும் கரைசல்) பாக்கெட்டில் வாங்கியே இத்தனை நாள் கறுப்பு-வெள்ளை ஃபிலிம் கழுவிக்கொண்டிருந்த நான், இந்த முறை பொடிகளைத் தனித்தனியாக வாங்கி நானே கலந்து பார்த்தேன். 1920களில் கோடக் கொண்டுவந்த கலவை இது. லிட்டருக்கு மெட்டால் 2 கிராம், சோடியம் சல்ஃபைட் 100 கிராம், ஹைட்ரோகுயினோன் 5 கிராம், வெண்காரம் 2 கிராம், அவ்வளவுதான். இவற்றில் ஃபிலிமைக் கறுக்க வைப்பவை மெட்டாலும் ஹைட்ரோகுயினோனும்.

முதல் லிட்டர் பாழ். சல்ஃபைட்தானே அதிகம், அதை முதலில் கரைத்துத் தொலைப்போம் என்று போட்டுவிட்டேன், அப்புறம் போட்ட மெட்டால் என்ன கலக்கியும் கரையாமல் வெள்ளை வெள்ளையாக மிதந்தது. சல்ஃபைட் நிறைந்த நீரில் மெட்டால் கரையாதாம். வெந்நீரில் ஒரு சிட்டிகை சல்ஃபைட், உடனே மெட்டால், அது கரைந்தபின் மிச்சம் என்பதுதான் வரிசை. (கையுறை போட்டுக்கொள்ளுங்கள், மெட்டால் சிலருக்குத் தோலில் அரிப்பைக் கிளப்பிவிடும்.)

எனக்கு உறுத்தியது ஹைட்ரோகுயினோன்தான். அது நன்றாக வேலை செய்யக் கடுமையான காரம் வேண்டும், வெண்காரமோ இந்தக் கலவையில் பிஎச் எட்டரையைச் சுற்றித்தான் தரும், பிறகு எதற்கு 5 கிராம்? மூன்று பிளாஸ்டிக் டம்ளர் எடுத்து, ஒன்றில் மெட்டால் மட்டும், ஒன்றில் ஹைட்ரோகுயினோன் மட்டும், மூன்றாவதில் இரண்டும், மற்றபடி எல்லாவற்றிலும் அதே சல்ஃபைட், அதே வெண்காரம். வெளிச்சம் பட்ட ஃபிலிம் நுனியை வெட்டி ஒரே நேரத்தில் போட்டேன். மெட்டால் டம்ளரில் நிதானமாகக் கறுத்தது. ஹைட்ரோகுயினோன் டம்ளரில் பத்து நிமிடம் கழித்தும் சொல்லிக்கொள்ளும்படி ஒன்றுமில்லை. இரண்டும் இருந்ததில் சட்டென்று கறுப்பு ஏறியது! ஃபிலிமில் உள்ள வெள்ளி உப்புக்கு எலக்ட்ரானைக் கொடுத்துக் களைத்த மெட்டாலை ஹைட்ரோகுயினோன் மறுபடி எழுப்பிவிடுகிறது, அதனால்தான் 2 கிராமே போதுகிறது. படித்தபோது ஏறாத விஷயம் டம்ளரில் பார்த்ததும் ஏறியது.

அடுத்து டி-23 என்ற இன்னொரு டெவலப்பர். மெட்டால் 7.5 கிராம், சல்ஃபைட் 100 கிராம், வேறெதுவும் கிடையாது. எழுப்பிவிட ஆளில்லாததால் மெட்டால் அதிகம். காரத்துக்கும் சல்ஃபைட்டே போதும், படத்தில் தெரியும் வெள்ளிக் குருணையின் ஓரத்தைக் கொஞ்சம் கரைத்து மென்மையாக்குவதும் அதேதான். ஒரு எச்பி5 ஃபிலிம் ரோல் முழுக்க மொட்டைமாடிக் கொடியில் காயும் வெள்ளை வேட்டியை எடுத்து, இருட்டில் பாதியாக வெட்டி இரண்டிலும் கழுவினேன். டி-23ல் வேட்டியின் மடிப்புகள் தெளிவாகத் தங்கின, டி-76ல் கான்ட்ராஸ்ட் ஒரு சுற்று கூடுதல். அருகருகே வைத்தால்தான் தெரியும், அதையும் சொல்லிவிடுகிறேன். சென்னைக் குழாய்த் தண்ணீரைக் கழுவுவதற்கான 20 டிகிரிக்கு இறக்க நான் உடைத்த ஐஸுக்கு அளவே இல்லை.

இரண்டு வாரம் கழித்து, பாதி காலியான பாட்டிலில் இருந்த அதே டி-76ல் இன்னொரு ரோல் கழுவினால், அதே நேரத்துக்கு நெகட்டிவ் அடர்த்தியாக வந்தது. பழசானால் பலம் குறையும் என்றல்லவா நினைப்போம். காற்றுப் பட்ட ஹைட்ரோகுயினோன் சல்ஃபைட்டோடு சேரும்போது காரம் பிறந்து பிஎச் ஏறுகிறது. இதற்கென்றே டி-76டி என்று ஒன்று உண்டு, வெண்காரம் 8 கிராம், போரிக் அமிலம் 8 கிராம் போட்டு பிஎச்சைப் பிடித்து வைப்பது. வீட்டில் கேரம் பவுடர் டப்பா ஒன்று கிடக்கிறது, அது போரிக் அமிலமா வெறும் மாவா என்று லேபிளைப் பார்த்துவிட்டு அடுத்த லிட்டரைக் கலக்கிறேன்.