நிறம் போன வயர்களும் அறுந்த பிரைமரியும்

பழைய அமெரிக்க வால்வு ரேடியோ ஒன்று கைக்கு வந்தது. 110 வோல்ட் செட் என்பதால் வோல்டேஜைக் குறைக்கும் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வைத்து ஓட்டிப் பார்த்தேன். வால்வெல்லாம் எரிகிறது, ஸ்பீக்கரில் மூச்சே இல்லை. ஸ்பீக்கரை ஓட்டும் அவுட்புட் வால்வு 6வி6 என்ற ரகம். அதன் உள்ளே ஸ்க்ரீன் கிரிட் என்னும் கம்பிச் சுருள் செக்கச்செவேலென்று சிவந்திருந்தது. உடனே அணைத்துவிட்டேன். வால்வையும் ஸ்பீக்கரையும் இணைக்கும் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரில் வால்வு பக்கச் சுற்றான பிரைமரி அறுந்துவிட்டால், வால்வின் ப்ளேட் என்னும் வெளித் தகட்டுக்கு வோல்டேஜ் போகாது. கரண்டையெல்லாம் ஸ்க்ரீனே இழுக்கும். அப்படியே ஓடவிட்டால் வால்வும் போச்சு.

அணைத்த பிறகும் சார்ஜ் பிடித்து வைத்திருக்கும் ஃபில்டர் கண்டென்சரை ரெசிஸ்டர் வழியாக டிஸ்சார்ஜ் செய்து, மீட்டரில் பூஜ்யம் பார்த்த பிறகே உள்ளே கை வைத்தேன்.

டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து வரும் வயர் நான்கு. அமெரிக்க வழக்கில் நீலம் ப்ளேட்டுக்கு, சிவப்பு பி பிளஸ் என்னும் ஹை வோல்டேஜ் சப்ளைக்கு, பச்சையும் கறுப்பும் ஸ்பீக்கர் பக்கம். இரண்டு அவுட்புட் வால்வு ஜோடியாக ஓடும் புஷ்புல் என்றால் இன்னொரு ப்ளேட்டுக்குப் பழுப்பு வரும். ஆனால் அந்தத் துணி உறையில் நீலமும் பச்சையும் ஒரே அழுக்கு நிறம். போதாக்குறைக்கு, முன்பு யார் கைவைத்தார்களோ! நான்கையும் கழற்றி ஓம் பார்த்தேன். ஒரு ஜோடி அரை ஓமுக்கும் குறைவு, அது ஸ்பீக்கர் பக்கச் சுற்றான செகண்டரி. மற்ற ஜோடி சில நூறு ஓம் காட்ட வேண்டும். காட்டியது ஓப்பன், அதாவது தொடர்பே இல்லை.

இதோடு தூக்கிப் போட்டுவிடுபவர்கள் அதிகம். என் அனுபவத்தில், தலைமுடி போன்ற எனாமல் கம்பி வெளி வயரோடு சேரும் இடத்தை முதலில் பார்க்க வேண்டும். மேல் காகிதத்தை பிளேடால் மூன்று பக்கம் கீறி, ஹேர் டிரையரில் மெழுகை இளக்கி மெல்லத் தூக்கினேன். ஜாயின்ட் பச்சைப் பூத்து உதிர்ந்திருந்தது. நல்லவேளை, சில மில்லிமீட்டர் கம்பி வெளியே மிச்சம் இருந்தது.

இந்தக் கால எனாமல் சிலது சால்டரிங் அயர்ன் சூட்டிலேயே எரிந்துவிடும், பழையது எரியாது. மிக நைசான எமெரித் தாளை மடித்து, இடையில் கம்பியை வைத்து அழுத்தாமல் இழுத்தேன். செம்பு மின்னியதும் ரோசின் தொட்டு ஈயம் பூசி, மெல்லிய பல இழை வயரில் சுற்றி சால்டர் வைத்தேன். ஆசிட் ஃப்ளக்ஸ் பக்கமே போகக்கூடாது, மறுபடி அரித்துவிடும். அப்புறம் அடியில் காகிதம் கொடுத்து, புது வயரைப் பருத்தி நூலால் காயிலோடு கட்டினேன். யாராவது இழுத்தாலும் இழுவை நூலோடு நிற்கும்.

இப்போது பிரைமரி 400 ஓம் சொச்சம். சுற்று விகிதம் பார்க்க 6.3 வோல்ட் ஏசியைப் பிரைமரிக்குக் கொடுத்தேன். செகண்டரியில் 0.18 வோல்ட். அதாவது 35-க்கு 1. ஸ்பீக்கரின் ஓம் வால்வுக்கு இந்த விகிதத்தின் வர்க்க மடங்காகத் தெரியும். 35-இன் வர்க்கம் 1225. ஸ்பீக்கர் 4 ஓம், பெருக்கினால் 4900. 6வி6 ப்ளேட் பக்கம் கேட்பது 5000 ஓம், சரியாக இருக்கிறது. மாற்றி, செகண்டரிக்குக் கொடுத்தால் பிரைமரியில் 220 வோல்ட் நிற்கும், ஜாக்கிரதை.

மாட்டி ஆன் செய்தால் ஒரே ஊளை. செகண்டரியிலிருந்து கொஞ்சம் சிக்னலை முன்பக்கத்துக்கே திருப்பிக் கொடுக்கும், அதாவது ஃபீட்பேக் எடுக்கும் செட் அது; வயர் தலைகீழானால் ஊளையிடும். செகண்டரி வயர் இரண்டையும் இடம் மாற்றிப் போட்டேன், நின்றுவிட்டது.