மராக் கூட்டத்தில் அவளுக்குக் கதிரை இல்லை

லண்டனில் குடும்ப வன்முறைக்கு ஆளான பெண்களுக்காக வேலை செய்கிறேன் என்று சொன்னால், கலியாண வீட்டில் பக்கத்தில் இருப்பவர்கள் கேட்பது அனேகமாக ஒரே கேள்விதான்: "பொலிஸுக்கு அடிச்சுச் சொன்னால் காணாதே, தங்கச்சி?" காணாது. ஏன் காணாது என்று ஒருமுறை ஆறுதலாக எழுத வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன்.

என் வேலைக்கு இட்வா என்று பெயர். நான் பொலிஸும் இல்லை, சோசல் சேர்விஸும் இல்லை. உயிராபத்தில் இருக்கிற பெண்ணின் பக்கம் மட்டும் நிற்பதற்கான ஆள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் எல்லாப் பகுதிகளிலும் மராக் என்றொரு கூட்டம் நடக்கிறது. 2003இல் கார்டிஃபில் தொடங்கிய முறை இது. பொலிஸ், கவுன்சிலின் வீட்டுப் பிரிவு, பிள்ளைகள் நலப் பிரிவு, வைத்தியசாலை, மனநலப் பிரிவு, தண்டனை பெற்றவர்களைக் கண்காணிக்கிற புரொபேஷன், எங்களைப் போன்ற இட்வாக்கள் எல்லோரும் வருவார்கள். கொலையோ பாரதூரமான காயமோ நடக்கலாம் என்று அஞ்சுகிற குடும்பங்களை மட்டும் எடுத்துக் கதைப்போம். ஒரு குடும்பத்துக்குப் பத்து, பதினைந்து நிமிடம்.

யாருடைய பெயர் அங்கே போவது? அதற்கு, ஆபத்து எவ்வளவு என்று அளக்கிற டாஷ் என்றொரு கேள்விப் படிவம் இருக்கிறது. நாங்கள் பாவிப்பதில் 24 கேள்விகள். 14 அல்லது அதற்கு மேல் "ஓம்" வந்தால் பொதுவாக மராக்குக்கு அனுப்புவோம். எண்ணிக்கை குறைந்தாலும், கேட்டவரின் வயிற்றைக் கலக்கினால் அனுப்பலாம். என்னைக் கேட்டால் இந்த இரண்டாவது வழிதான் முக்கியம். எங்கள் பெண்கள் பலர் முதல் நாளில் ஆறேழு "ஓம்"தான் சொல்வார்கள்.

கழுத்தைப் பற்றிய கேள்வியையே எடுங்கள். "கழுத்தை நெரிச்சவரா?" என்று கேட்டால், "சீ, அப்பிடி இல்லை அக்கா, கோவத்தில சும்மா பிடிச்சவர்" என்பார்கள். அதோடு விட்டுவிடக் கூடாது. பிடித்த பிறகு குரல் கம்மியதா, விழுங்க நொந்ததா, கண் இருண்டதா, தெரியாமல் சிறுநீர் போனதா என்று ஒவ்வொன்றாகக் கேட்பேன். மூன்றாவது கேள்வியில் சிலர் மௌனமாகி விடுவார்கள். அவர் கை வைத்த இடத்தில் வெளியே ஒரு தழும்பும் இருக்காது. ஆனால் கழுத்தில் கை வைத்தவன் பிறகு கொலைவரை போகக்கூடும் என்பதை இந்தத் துறையில் எல்லோரும் அறிவோம். 2022 ஜூன் 7 முதல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் உயிர் போகாவிட்டாலும் கழுத்தை நெரிப்பது தனிக் குற்றம்.

கூட்டத்தில் என்ன நடக்கும் என்று காட்ட ஒரு பெண்ணைச் சொல்கிறேன். இவள் ஒருத்தி இல்லை, பலரைக் கலந்து எழுதுகிறேன். கணவனின் வீசாவில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவள். ஒரு பிள்ளை, பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய வயது. தொண்டை நோ என்று ஜீபியிடம் (குடும்ப வைத்தியர்) இரண்டு தடவை போயிருக்கிறாள், மொழிபெயர்த்தது கணவன். அயல் வீட்டுக்காரர் பொலிஸைக் கூப்பிட்டிருக்கிறார். வந்தவர்கள் கணவனோடு இங்கிலிஷில் கதைத்துவிட்டு, வாய்த்தர்க்கம் என்று எழுதி மூடிவிட்டார்கள். தகப்பன் கூட்ட வரும் நாட்களில் பிள்ளை மேசைக்கடியில் போய் ஒளிவதை ஆசிரியை கவனித்திருக்கிறார். அவனுடைய முந்திய துணைவி வேறொரு ஊரில் கொடுத்த முறைப்பாடு பொலிஸ் கணினியில் கிடக்கிறது. தனித்தனியாகப் பார்த்தால் எதற்கும் யாரும் எழும்பி ஓட மாட்டார்கள். எல்லாம் ஒரே நேரத்தில் வாசிக்கப்படும்போது தலைமை தாங்குகிற பொலிஸ் அதிகாரி பேனையை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்ப்பார்.

பிறகு வேலை பிரிப்பது. பொலிஸ் அந்த முகவரிக்கு ஒரு குறிப்புப் போடும். அங்கிருந்து அழைப்பு வந்தால் பழைய விஷயமெல்லாம் போகிறவர்களுக்கு முன்பே தெரிந்திருக்கும். ஜீபி இனி அவளைத் தனியாகப் பார்க்க வேண்டும், தொலைபேசி மொழிபெயர்ப்பாளரோடு. பிள்ளையை யார் கூட்டிப்போகலாம் என்பதைப் பள்ளிக்கூடம் பிள்ளைகள் நலப் பிரிவோடு கதைத்து முடிவெடுக்கும். வீசா என் தலையில். கணவன் வீசாவில் வந்தவர்கள் வன்முறையால் பிரிந்தால், விண்ணப்பித்து மூன்று மாதத்துக்கு அரச உதவி பெற ஒரு சலுகை உண்டு. அது இல்லாமல் பெண்கள் காப்பகத்தில் இடம் தேடினால் பல கதவுகள் திறக்காது. "விட்டிட்டுப் போனால் உன்னை ஊருக்கு அனுப்பிப்போடுவாங்கள்" என்று அவன் நெடுநாளாகச் சொல்லி வைத்திருப்பதால், முதலில் அந்தப் பயத்தைத்தான் உடைக்க வேண்டியிருக்கும்.

எங்கள் ஆட்களுக்கென்று சில விஷயங்களை நான் மேசையில் திரும்பத் திரும்பச் சொல்வேன். ஹரோவில் இருந்து ஓடுகிறவளை, எங்கள் ஆட்கள் நிறைந்த இன்னொரு லண்டன் பகுதியான ஈஸ்ட்ஹாமில் வைத்தால் தமிழ்க்கடைக்குப் போகிற முதல் நாளே கண்டுபிடிப்பார்கள். வாட்ஸ்அப் குழுவில் "இந்தத் தங்கச்சியைக் காணவில்லை" என்று படம் சுற்றும், நல்லெண்ணத்தோடேயே சுற்றும். மொழிபெயர்ப்பாளர் வேறு நகரத்தவராக இருக்க வேண்டும், பெண்ணின் முழுப்பெயர் அவருக்குத் தேவையில்லை. இதைக் கேட்டுச் சிரித்த ஒரு அதிகாரி, மொழிபெயர்க்க வந்தவர் கணவனின் ஒன்றுவிட்ட தமையனாக இருந்த பிறகு சிரிப்பதில்லை.

கூட்டத்துக்கு அந்தப் பெண் வருவதில்லை. அப்படி ஒன்று நடப்பது கணவனுக்குத் தெரியவே கூடாது. அவள் சம்மதிக்காவிட்டாலும் ஆபத்து அவ்வளவு பெரிதென்றால் தகவலைப் பகிரச் சட்டம் இடம் கொடுக்கிறது. எனக்கு இதில் எப்போதும் ஒரு நெருடல் இருக்கிறது: வீட்டில் அவளைக் கேட்காமல் முடிவெடுக்கிறான் என்றுதானே எங்களிடம் வந்தாள்? அதனால் கூட்டத்துக்கு முதல் நாளே அவளுக்கு அழைத்து என்ன சொல்ல வேண்டும் என்று கேட்டு, அவள் சொன்னபடியே வாசிப்பேன். "என்னை எங்கயும் அனுப்ப வேண்டாம், அவரை வெளியில எடுங்கோ" என்றால், அதையும் அப்படியே. கதவையும் பூட்டையும் பலப்படுத்திக்கொண்டு அதே வீட்டில் இருக்கவும் சில கவுன்சில்களில் வழி உண்டு.

குறையும் சொல்ல வேண்டும். மராக்குக்கென்று தனி அதிகாரம் இல்லை, யாரையும் கட்டாயப்படுத்தாது. எடுத்த வேலையை ஒருவர் செய்யாமல் விட்டால் அடுத்த கூட்டத்தில் முகம் சுளிக்கலாம், அவ்வளவுதான். ஒருமுறை, வீட்டுக்குக் கடிதம் போடக் கூடாது என்று முடிவெடுத்த பிறகும் ஒரு அலுவலகம் கடிதம் போட்டது. அதைத் திறந்தது யார் என்று சொல்லத் தேவையில்லை. ஜீபிக்களைக் கூட்டத்தில் காண்பதே அரிது. 12 மாதத்துக்குள் மறுபடியும் ஏதும் நடந்தால் பெயர் திரும்ப மேசைக்கு வரும். அப்படி வருகிற பெயர்கள் குறைவில்லை.

2011 முதல் இங்கே குடும்ப வன்முறைக் கொலைகளுக்குப் பின்னர் எங்கே தவறியது என்று ஆராய்ந்து அறிக்கை எழுதுவது சட்டப்படி நடக்கிறது. பலவற்றை வாசித்திருக்கிறேன். ஒவ்வொரு அலுவலகத்திலும் ஏதோ ஒரு துண்டு இருந்திருக்கிறது, மற்றவருக்குச் சொல்லவில்லை என்பதே திரும்பத் திரும்ப வரும்.

சரி, கலியாண வீட்டில் கேட்டவர்களுக்கு. ஒரு பெண் உங்களிடம் சொன்னால், "நான் அவரோட ஒருக்கால் கதைச்சுப் பாக்கிறன்" என்று வெளிக்கிட வேண்டாம். அவள் சொல்லிவிட்டாள் என்று அவனுக்குத் தெரிகிற அந்த இரவுதான் எங்களுக்குப் பயம். குடும்ப வன்முறைக்கான தேசிய உதவி எண் 0808 2000 247, இலவசம், 24 மணி நேரமும் எடுப்பார்கள், மொழிபெயர்ப்பாளரும் கேட்கலாம். அவசரத்துக்கு 999. கதைக்க முடியாத நிலையென்றால், கைத்தொலைபேசியில் 999ஐ அழைத்து, அழுத்தச் சொல்லும்போது 55ஐ அழுத்தினால் பொலிஸுக்கு இணைப்பார்கள். ஆனால் அதை வைத்து இருக்கிற இடத்தைக் கண்டுபிடித்து விடுவார்கள் என்று நம்பி இருக்க வேண்டாம். முடிந்தால் முகவரியை மெல்லவாவது சொல்லச் சொல்லிக் கொடுங்கள்.