மரத்தூரையும் சேர்த்து ஏலம் விடுங்கள்

காரைக்குடியில் விறகுக்கடை வைத்திருக்கிறேன். தேவகோட்டைப் பக்கம் எங்கள் ஊர்க் கண்மாய்ப் பாசனத்தில் கொஞ்சம் நஞ்சையும் உண்டு. அதனால் கண்மாய்ச் சீமைக்கருவேல ஏலத்தை இரண்டு பக்கமும் நின்று பார்க்கிறேன்.

யார் அதிகத் தொகை கேட்கிறார் என்பதுதான் அங்கே பேச்சு. ஏலம் எடுத்தவர் தடித்த மரத்தை விறகுக்கும் கரிமூட்டத்துக்கும் ஏற்றிவிடுவார். முள்ளும் மிலாறும் கண்மாய்க்குத் தண்ணீர் வரும் வரத்துக்காலிலேயே கிடக்கும். தூர், அதாவது வேரோடு கூடிய அடிக்கட்டை, அப்படியே மண்ணில் நிற்கும். மண்ணைக் கொஞ்சம் விலக்கிப் பாருங்கள், வெட்டுக்குக் கீழே மொட்டு மொட்டாக முண்டிக்கொண்டிருக்கும். ஒரு மழை போதும், ஒரு தண்டு நின்ற இடத்தில் நாலைந்து கிளம்பிவிடும். போதாததற்கு ஆடு காயைத் தின்று, விதையைக் கரை முழுக்கப் போட்டுவைக்கும். சில வருஷத்தில் மறுபடி முள்காடு, மறுபடி ஏலம். இதற்கு ஒப்பந்தக்காரரை மட்டும் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. தூரைத் தோண்டி எடுக்க ஜேசிபி வாடகையை அவருக்கு யார் கொடுப்பது?

அமெரிக்க அரசுக் காடுகளில் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். 1998இல் சோதனையாகத் தொடங்கி, 2014 வேளாண் சட்டத்தில் நிரந்தரமாக்கினார்கள். வெட்டும் மரத்தின் மதிப்பை, அதே ஆள் செய்யவேண்டிய காட்டுச் சீரமைப்பு வேலையின் கூலியில் கழித்துக்கொள்கிறார்கள். மிஞ்சும் பணம் பொதுக் கருவூலத்துக்குப் போகாமல் அந்த வேலைக்கே திரும்புகிறது. ஆளைத் தேர்ந்தெடுக்கும்போது தொகையோடு, முன்பு எப்படி வேலை செய்தார் என்பதையும் பார்க்கிறார்கள். ஒப்பந்தம் பெரும்பாலும் 10 வருஷம் வரை போகலாம். எனக்குப் பிடித்ததே அதுதான். ஒரே சீசனில் தீருகிற வேலையா இது?

அரிசோனாவில் 2002இல் பெரிய காட்டுத்தீ, நாலரை லட்சம் ஏக்கருக்கு மேல் எரிந்தது. 2004இல் அங்கே இதே முறையில் ஒயிட் மவுண்டன் என்ற ஒப்பந்தம் போட்டு, நெருக்கமாக வளர்ந்த ஒல்லி மரங்களைக் கலைத்தார்கள். மர வியாபாரிகள், சூழல் அமைப்புகள், ஊர்க்காரர்கள் எல்லாரும் சேர்ந்து கண்காணித்தார்கள். நினைத்த ஒன்றரை லட்சம் ஏக்கரில் ஏறத்தாழ பாதிதான் முடிந்தது. ஒல்லி மரத்தின் விலை கூலிக்குக் கட்டவில்லை, அரசு கைக்காசு போட வேண்டியிருந்தது. நமக்கும் அதே நிலைமைதான் வரும், தெரிந்தே இறங்குவோம்.

சரி, நாம் என்ன கேட்கலாம்? ஏல அறிவிப்பு எழுதும் முன்பே கண்மாய்த் தண்ணீரில் பயிர் செய்யும் ஆயக்கட்டுக்காரர்கள், கரிமூட்டம் போடுகிறவர்கள், ஆட்டுக்காரர்கள் எல்லாரையும் உட்காரவைக்க வேண்டும். கோடையில் ஆட்டுக்கு அந்தக் காய்தான் தீவனம், அவர்களை விட்டுவிட்டுப் பேசினால் எதுவும் நடக்காது. தூரோடு எடுப்பது, வரத்துக்காலைச் சுத்தம் செய்வது, அடுத்த மூன்று மழைக்காலம் முளைப்பதைப் பிடுங்குவது, இதெல்லாம் ஒப்பந்தத்திலேயே இருக்கட்டும். ஆயக்கட்டுக்காரர்கள் பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகு ஒப்பந்தக்காரரின் வைப்புத்தொகை அவருக்குத் திரும்பட்டும். ஏலத்தொகை கட்டாயம் குறையும். குறையட்டும், கண்மாயில் தண்ணீர் நின்றால் எங்களுக்கு அதைவிட அதிகம் கிடைக்கும்.

அக்டோபர் 2 கிராம சபையில் இதை மனுவாக வைக்கிறோம். பக்கத்து ஊர்க்காரர்கள் யாராவது உங்கள் கண்மாய் ஏல நிபந்தனையின் நகல் வைத்திருந்தால், கடைப்பக்கம் வரும்போது கொண்டுவாருங்கள்.