தறப்பாள் கூடாரத்தில் பாலன் பிறப்பு

2009ஆம் ஆண்டு நத்தாரை நாங்கள் போரில் இடம்பெயர்ந்தோருக்கான செட்டிகுளம் முகாமில், தறப்பாள் கூடாரம் ஒன்றுக்குள் கொண்டாடினோம். முள்ளிவாய்க்காலைக் கடந்து வந்த நாளிலிருந்து தண்ணீருக்கும் சாப்பாட்டுக்கும் பதிவு இலக்கத்தைச் சொல்லியே வரிசையில் நின்றதால், எனக்கென்று ஒரு பெயர் இருந்ததே மறந்துவிடும் போலிருந்தது. அன்று மாலை அம்மா பால்மாப் பேணி ஒன்றை வெட்டி விரித்து, காய்ந்த புல்லைப் பரப்பி, களிமண்ணால் விரலளவில் ஒரு பாலனைச் செய்து கிடத்தினார். அதன் நெற்றியில் அவருடைய பெருவிரல் ரேகை அப்படியே பதிந்திருந்தது.

லூக்கா நற்செய்தியின் 2ஆம் அதிகாரத்தை (எத்தனை நத்தாருக்கு அதைக் கேட்டிருப்பேன்!) அவர் வாசித்தபோதுதான், அகுஸ்து சீசர் கட்டளையிட்ட குடிமதிப்புக்காகப் பெயர் பதியப் போன ஊரில், தங்க இடம் கிடைக்காத ஒரு தாய்க்கே ஆண்டவர் பிள்ளையாகப் பிறந்தார் என்பது என் நெஞ்சில் தைத்தது. எண்ணப்பட்ட மக்களுள் ஒருவராகவே அவர் வந்தார். ஆகவே வெறும் இலக்கமாக நின்ற என்னையும் அவர் பெயரால் அறிவார் என்று நம்பினேன், இன்றும் நம்புகிறேன். துயரம் தீரவில்லை, காணாமற்போன அண்ணனுக்காக அம்மா அன்றும் அழுதார். ஆயினும் பல மாதங்களுக்குப் பின்பு அன்றிரவு நான் நிம்மதியாக நித்திரை கொண்டேன்.

இப்போது முல்லைத்தீவில் எங்கள் வீட்டுக் குடிலில், கடையில் வாங்கிய சுரூபங்களுக்கு நடுவே, அந்தக் களிமண் பாலனையே கிடத்துகிறோம்.